அரசியற் பிரிவும் பந்தாட்டச் சிறுவரும்

பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று நீங்கிற்று. அதன் பயன் பந்தாடு களத்திலும் தோன்றியது. 2021 முதல் பிரெஞ்சு வீரரும் பிரேஸில் வீரரும் இங்கிலாந்தில் ஒரே நிலையினர். தொழில் அனுமதிக்கு 15 புள்ளிகள் வேண்டும். தாய்நாட்டிற்காக ஆடிய ஆட்டங்களும், தம் சங்கம் ஆடும் போட்டியின் தரமும், களத்தில் நின்ற நேரமும் புள்ளிகளாக எண்ணப்படும். 2023-இல் இவ்விதி சிறிது தளர்ந்தது. புள்ளி குறைந்தோருள் நால்வர்வரை பெருஞ்சங்கங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

வயது விதியோ தளரவில்லை. 18 வயது நிரம்பாதார் ஆட்டத்தின்பொருட்டு நாடு மாறுதலை உலகக் கால்பந்துச் சம்மேளனம் தடுக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தினுள் மட்டும் 16 போதும். அவ்விலக்கினாலன்றோ 2003-இல் பாப்ரெகாஸ் 16 வயதினராய்ப் பார்சிலோனாவினின்று ஆர்சனல் சங்கம் புகுந்தார்! பிரிட்டனுக்கு இன்று அவ்விலக்கு இல்லை.

அயர்லாந்துச் சிறுவர் நிலை விந்தையானது. பழைய உடன்பாட்டால் பிரிட்டனில் அவர்க்குத் தொழில் அனுமதியே வேண்டுவதில்லை. ஆயினும் டப்ளினிலிருந்து கடல் கடந்து லிவர்பூலிற் பந்தாட 18 வயதுவரை காத்திருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள ஆம்ஸ்டர்டாமுக்கோ 16 போதும்! இதனை முழுக்கேடென யாம் கருதோம். பதினாறிலே வீடு துறந்து, களத்தில் இடம்பெறாது மீண்ட சிறுவர் பலர். இன்று அவர் தம் ஊர்ச் சங்கங்களிலேயே ஆடித் தேறலாம். ஆனால் அவரைப் பயிற்றும் செலவு இப்பொழுது அச்சிறு சங்கங்களின் தலைமேல் விழுந்துள்ளது.