ஈமேக்ஸுக்குள் குடிபோகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மொழிபெயர்ப்பு, குறிப்புகள், மின்னஞ்சல், வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் இனி ஈமேக்ஸ் எடிட்டரிலேயே செய்யப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் நீ சொன்ன காரணத்தை நம்பி இறங்காதே. எல்லாம் ஒரே ஜன்னலில் இருந்தால் கவனம் சிதறாது என்கிறாய். மின்னஞ்சலும் அதே ஜன்னலுக்குத்தான் வரும். கவனம் அங்கேயும் சிதறும்.

நான் இத்தனை வருடம் ஈமேக்ஸில் தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு. ஒருமுறை ஸ்கேன் செய்த பக்கங்கள் ஒரு கோப்புறை நிறைய வந்தன. எல்லாப் பெயர்களிலும் நூலின் பெயர் தப்பாக இருந்தது. ஈமேக்ஸில் கோப்புறையைத் திறந்தால் டைரெட் என்ற பட்டியல் வரும். அதில் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-க்யூ அழுத்தினேன். பட்டியல் கட்டுரை போலத் திருத்தக்கூடிய எழுத்தாக மாறியது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேடி மாற்றுவதற்குப் பழகியிருந்த அதே கட்டளையால் பெயர்களை மாற்றினேன். கன்ட்ரோல்-சி இரண்டு தடவை. வட்டில் இருந்த கோப்புகள் அத்தனையும் புதுப் பெயருக்கு வந்துவிட்டன. கோப்புகளுக்குப் பெயர் மாற்ற நான் தனியாக எதையும் கற்கவில்லை. கதை எழுதப் பழகிய விரல்களே அதையும் செய்தன. கடிதத்திலும் நாட்குறிப்பிலும் அந்தப் பழக்கம் அப்படியே உதவும். ஒரே எடிட்டரில் இருப்பதன் பலன் எனக்கு இதுதான்.

ஈமேக்ஸ் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற எடிட்டரின் மேல் எழுதிய மேக்ரோக்களின் தொகுப்பாக அது தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதைக் கட்டினார்கள். 1985-ல் வந்த குனு ஈமேக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். நீ குறிப்பெழுத விரும்பும் ஆர்க் மோடு அப்படி வந்ததுதான். 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் வேலைகளை ஒழுங்கு செய்துகொள்ள அதை எழுத ஆரம்பித்தார். தன் தேவையிலிருந்து தொடங்கினார் என்பதைக் கவனி.

நான் அப்படித் தொடங்கவில்லை. முகம் தெரியாத ஒருவருடைய நீளமான அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு நூலை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, ஈமேக்ஸின் புதுப் பதிப்புக்கு மாறினேன். அது பிழைச் செய்தியோடு நின்றது. எந்த வரி காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லையே. விடியும்வரை வேறொரு எடிட்டரில் தட்டித் தடவி முடித்தேன். மறுநாள் வெறும் கோப்பிலிருந்து தொடங்கினேன். இன்றும் ஒரு வரி சேர்த்தால், எதற்காக என்று அதன் மேலேயே தமிழில் எழுதிவைக்கிறேன். நீயும் அப்படிச் செய்.

தமிழ் எழுதுகிறவளாக நீ முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால், கன்ட்ரோலோடு நீ அழுத்தும் எழுத்தும் தமிழாகப் போய்ச் சேரலாம், கட்டளை நடக்காது. ஆகவே ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டு முறையைத் தேர்ந்துகொள். கன்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தினால் தமிழ் வரும், திரும்ப அழுத்தினால் போகும். கட்டளைகளுக்கு ஒன்றும் ஆகாது.

எதை வெளியே வைப்பது என்றும் கேட்டிருந்தாய். வங்கி வேலையை உலாவியில் செய். ஈமேக்ஸின் உள்ளேயே ஒரு சின்ன உலாவி உண்டு, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அதில் ஓடாது. பதிப்பாளர் வேர்டு கோப்பில் திருத்தம் கேட்டால் வேர்டிலேயே கொடு; அவர் வேலையைக் கடினமாக்க நமக்கு உரிமையில்லை.

கேப்ஸ் லாக்கை இன்றே கன்ட்ரோலாக மாற்றிக்கொள். சுண்டுவிரல் வலி வந்த பிறகு மாற்றியவள் நான்.

பிறகு கன்ட்ரோல்-ஹெச் அழுத்தி, டி-யை (t) அழுத்து. பாடம் திறக்கும். மூன்று நாள் அதை மட்டும் செய். எந்த இடத்தில் விரல் நின்றது என்று எனக்கு எழுது. அடுத்த கடிதத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
அக்கா