விரலை எடு, கையை உயர்த்து

குருக்கள்மடம்

என்ட செல்ல மருமகளுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கழகப் போட்டியின் வேகச் சுற்றில் பிஸ்டல் இடையில் நின்றுபோனது, நீ இடக்கையால் ஸ்லைடை இழுத்துவிட்டது, சுடுதளப் பொறுப்பாளர் மீதிச் சூடுகளுக்குப் பூச்சியம் போட்டது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தது, எல்லாம் விளங்கிற்று. “அநியாயம் மாமா” என்கிறாய். அநியாயம் இல்லை புள்ள. அந்த மனுசன் சரியாகத்தான் செய்திருக்கிறார். கோபிக்காமல் மிச்சத்தையும் வாசி.

25 மீற்றர்ப் போட்டியில் பிஸ்டல் நின்றால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். விரல் விசையை விட்டு வெளியே வரவேண்டும். குழல்வாய் இலக்குப் பக்கமே இருக்கவேண்டும். மற்றக் கையை உயர்த்தி, பொறுப்பாளர் வரும்வரை நிற்கவேண்டும். ரவை வெடிக்காமல் கிடக்கிறதா, வெற்றுக்கோது வெளியே வராமல் மாட்டியிருக்கிறதா, ஊசி முறிந்ததா, விசைப் பொறி வேலை செய்யவில்லையா என்று அவர் பார்ப்பார். இவையெல்லாம் ஏற்றுக்கொள்ளக்கூடிய பழுது. விட்ட சூடுகளை முடிக்க இடம் தருவார்கள். ஆனால் அவர் வருமுன் நீ பொறியைத் தொட்டால் அந்தச் சலுகை போய்விடும். பாதுகாப்புப் பூட்டை விலக்க மறந்தாலும், ரவைக்கூட்டைச் சரியாகப் பூட்டாவிட்டாலும், ஐந்துக்குக் குறைய ரவை போட்டாலும் அது உன் கணக்குத்தான். வேகச் சுற்றில் நிறையப் பேர் பிடிபடுகிற இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சூடு சுட்டபின் விசையை முழுக்க முன்னுக்கு வர விடாமல் அடுத்ததற்கு அழுத்துவது. பிஸ்டல் பழுது என்று கையை உயர்த்துவார்கள். பிஸ்டலில் ஒரு பழுதும் இராது.

ஸ்லைடை இழுக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ரவைக்கூட்டின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடில் ஒரு இழுப்பு, மறுகா சூடு. பொலிசுக்கும் பட்டாளத்துக்கும் சொல்லிக்கொடுக்கிற முறை அது. அவர்களுக்கு எதிரே ஆள் நிற்கும். உனக்கு எதிரே நிற்பது கடதாசி. உன்ட வீட்டு ரிமோட் வேலை செய்யாவிட்டால் நீ பற்றரியைப் பார்க்கமாட்டாய், உள்ளங்கையில் வைத்து அடி அடியென்று அடிப்பாய். ஏழு வயதில் தொடங்கிய அந்தக் கை இப்பவும் அதே கைதான்.

நான் பெரிதாக நினைப்பது புள்ளியை அல்ல. நீ ஸ்லைடை இழுத்த அந்த நொடியில் சாட்சி தரையில் விழுந்துபோயிற்று. என்ன நடந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. தொடுமுன் பார்க்கவேண்டும். பழுதைத் தீர்ப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பார்வைதான்.

ஆனாலும் ஒன்றைக் கண்டிருக்கிறாய்: கோது புகைபோக்கி மாதிரி மேலே நிமிர்ந்து நின்றது என்கிறாய். அது நல்ல தகவல். ஸ்லைட் பின்னுக்கு முழுசாகப் போகவில்லை, அல்லது கோதை இழுத்தெறிகிற கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை. ரவை பலம் குறைந்ததாக இருக்கலாம். ரவை அறையில் அழுக்கு அப்பியிருக்கலாம். பொயின்ட் 22 ரவையில் மெழுகும் ஈயமும் இருப்பதால் அழுக்கு கெதியாகச் சேரும். உன்ட மணிக்கட்டு தளர்ந்திருக்கவும் கூடும்; பிடி உறுதியாக இராவிட்டால் ஸ்லைடோடு சேர்ந்து கையும் பின்னுக்குப் போகும், ஸ்லைட் போகவேண்டிய தூரம் போகாது. இதில் எது என்று கண்டுபிடிக்க மூளையைக் கசக்கவேண்டாம், எழுதி வை. ஒரே ரவைக்கூட்டில் மட்டும் வருகிறதென்றால் ரவைக்கூடு. ஒரு பெட்டி ரவையில் மட்டும் என்றால் ரவை. எப்பவும் பயிற்சியின் கடைசியில் என்றால் அழுக்கு, இல்லாவிட்டால் களைத்த கை. கழகத்தில் இன்னொருவர் உன் பிஸ்டலால் சுட்டு ஒன்றும் நடக்கவில்லையென்றால், மகள், காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்ட ரவைக்கூடுகளுக்கு நெயில் பொலிஷால் இலக்கம் போடு. அந்த ஊதா நிறம் இதற்காவது உதவட்டும். இலக்கம் இல்லாவிட்டால் எது கெட்டது என்று ஒருநாளும் தெரியவராது. வாயோரத்துத் தகடு இம்மியளவு விரிந்தாலும் ரவை மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். பொயின்ட் 22 ரவையின் அடியில் விளிம்பு இருக்கிறது அல்லவா, நிரப்பும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையினதற்கு முன்னால் விழவேண்டும். மாறி விழுந்தால் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அவசரமாக நிரப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

வெடிக்காத ரவைக்கு வேறு கதை. இதில் வெடிமருந்தைப் பற்றவைக்கிற பொருள் விளிம்புக்குள் சுற்றிவரப் பூசப்பட்டிருக்கும். ஊசி படுகிற இடத்தில் பூச்சுக் குறைந்திருந்தால் வெடிக்காது. விசை அழுத்தி ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் உடனே திறக்காதே. குழல்வாயை இலக்குப் பக்கம் வைத்து முப்பது வினாடி பொறு, சிலது பிந்தி வெடிக்கும். மறுகா எடுத்து விளிம்பைப் பார். ஆழமான தழும்பு இருந்தால் ரவையின் குற்றம். தழும்பு மெல்லியதென்றால் ஊசியின் பாதையில் அழுக்கு, அல்லது நீ ஊற்றிய எண்ணெய். எண்ணெய் விசயத்தில் நீ உன்ட அம்மம்மா மாதிரி, கை தாராளம். சுவிஸ் மார்கழிக் குளிரில் அந்த எண்ணெய் தடித்துப்போகும்; ஸ்லைட் மந்தமாகும், ஊசி மெதுவாக அடிக்கும். ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பூசினால் போதும்.

நான் உண்மையில் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். சத்தம் வழமையைவிடச் சின்னதாக, ‘பொத்’தென்று கேட்டால், கைக்கு உதைப்புத் தெரியாவிட்டால், கடதாசியில் ஓட்டை இல்லாவிட்டால், நிறுத்து. சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும், உன் கை அதற்குப் பக்கத்தில் இருக்கும். காதுக்கவசம் போட்டிருப்பதால் சத்த வித்தியாசம் சரியாகக் கேட்காது. அதனால் ஒவ்வொரு சூட்டின் உதைப்பையும் கை அறிந்து வைத்திருக்கவேண்டும். புள்ளி போனால் போகட்டும். இந்த ஒன்றில் நீ என்னை ஏமாற்றக்கூடாது.

இந்தியாவின் மனு பாக்கரை உனக்குப் பிடிக்கும். 2021 யூலையில் தோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீற்றர்க் காற்றுப் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் அந்தப் பிள்ளையின் பிஸ்டல் பழுதாயிற்று. திருத்தி முடிக்க இருபது நிமிடமளவு போயிற்று. 60 சூட்டுக்கு 75 நிமிடம்தான் தருவார்கள். திரும்பி வந்து மிச்சத்தையும் சுட்டு 575 எடுத்தாள், 12ஆம் இடம். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் தவறிப்போயிற்று. 2024இல் பாரிசில் அதே போட்டியில் 221.7 புள்ளியோடு வெண்கலம், கலப்பு அணியில் சரப்ஜோத் சிங்கோடு இன்னொன்று. ஆட்கள் பாரிசைச் சொல்லுவார்கள். எனக்குப் பழுதுக்குப் பிறகு திரும்பி வந்து சுட்ட அந்த 575 பெரிது. உன்ட சுவிஸ் ஆளையும் பார். ஹைடி டீதெல்ம் கெர்பர் ரியோவில் 25 மீற்றர் பிஸ்டலில் வெண்கலம் எடுத்தபோது வயது 47. உனக்குப் பத்தொன்பது. ஒரு கழகப் போட்டிக்காக இரவுச் சாப்பாட்டை விடாதே.

இன்னொரு விசயம். அப்பாவிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான் இருக்கிறது. சுவிஸ் சட்டம் இலங்கைப் பிரசைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கிறது. நீ அங்கத்தைய பிரசை, உனக்குப் பிரச்சினை இல்லை. பிஸ்டல் பையை அவரிடம் கொடுத்து “காரில் வையுங்கோ” என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு விடு. பையை நீயே தூக்கு. ரவைக்கூடுகள் வெறுமையாக இருக்கவேண்டும், ரவை தனியாக இருக்கவேண்டும்.

அம்மா சுடுதளத்துக்கு ஒருநாளும் வருகிறாள் இல்லை என்று குறைப்பட்டாய். அவள் இந்த ஊரில் வளர்ந்தவள். 1990 யூலையில் எங்கட பிரதான வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் சனங்களைப் புலிகள் மறித்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் வீடு சேரவில்லை. புதைகுழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி அந்தக் குடும்பங்கள் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கட ஆட்களும் எத்தனையோ பேர், ஆமி கொண்டுபோய்த் திரும்பாதவர்கள். பெரியாக்கள் கதவைச் சாத்திக்கொண்டு இதையெல்லாம் குசுகுசுத்தபோது உன்ட அம்மா பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துப்பாக்கி என்றால் அதுதான். உன்ட கழகமும் பதக்கமும் அவளுக்குத் தெரியாதது அல்ல. வற்புறுத்தாதே. ஒருநாள் அவளே கேட்டால், ஸ்லைடைத் திறந்து, ரவைக்கூட்டைக் கழற்றி, அந்தச் செம்மஞ்சள் பாதுகாப்புக் கொடியை அறைக்குள் செருகிக் காட்டு. உள்ளே ஒன்றும் இல்லை என்று தன் கண்ணால் பார்க்கட்டும்.

அன்றைய கோதுகள் ஏதும் பையில் கிடந்தால் எறிந்துவிடாதே. துடைக்காமல், விளிம்பில் ஊசி பட்ட இடம் தெரிகிற மாதிரி, யன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. எந்தப் பெட்டி ரவை, எந்த ரவைக்கூடு என்றும் எழுது.

அன்புடன்,
மாமா