நெடுந்தூர ஓட்டமும் நெஞ்சுறுதியும்

கனடாவிலே வாழும் உங்கள் பேரப்பிள்ளைகள் செப்டெம்பர் மாதத்தில் பாடசாலையில் 'ரெறி பொக்ஸ் ஓட்டம்' ஓடியதாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் ஓட்டம் அது. அதிலே போட்டியில்லை, பரிசில்லை. ஓட இயலாதவர் நடக்கலாம். அந்தப் பெயருக்குரிய இளைஞரை அறிந்தவர் பலர்; அவர் எவ்வாறு பயின்றார் என்பதை அறிந்தவர் சிலரே. நல்ல காரியமொன்றுக்கு நிதி சேர்க்க மரதன் ஓட எண்ணுவோருக்கு அந்தப் பயிற்சியே பெரிய பாடம்.

1977 மார்ச் மாதத்தில், 18 வயதில், எலும்பிற் கண்ட புற்றுநோயினால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டது. பின்வந்த சிகிச்சை மாதங்களில், தம்மிலும் இளைய பிள்ளைகள் அதே நோயால் படும் வேதனையைக் கண்டார். கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து நிதி சேர்க்கும் எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. 1979இன் தொடக்கத்தில், செயற்கைக் காலுடன், சிறு தூரங்களில் பயிற்சியை ஆரம்பித்தார். அவ்வாண்டு செப்டெம்பரை அண்டி நடந்த 17 மைல் ஓட்டமொன்றில் கடைசியாக வந்தார். அதன் பின்னரே தமது திட்டத்தைப் பெற்றோருக்கு வெளியிட்டார். கடைசியாக வந்ததை அவர் தோல்வியாக எண்ணவில்லை. ஓடி முடித்ததே அவருக்குப் போதிய சான்றாயிற்று. ஒரு கட்டத்தில் 101 நாட்கள் விடாமல் ஓடினார். நத்தார் தினத்தன்று ஓய்வெடுத்தார், அதுவும் தாயார் கேட்டுக்கொண்டதற்காக!

அந்த 101 நாட்களை நீங்கள் பின்பற்ற வேண்டாம். மரதன் தூரம் 42.195 கிலோமீற்றர். புதிதாகப் பழகுவோருக்கு நான்கைந்து மாதங்களாவது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுபவருடன் பேசக்கூடிய வேகமே போதும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி 30 கிலோமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்து, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் குறைத்துவிடுங்கள். நம் நாட்டு வெயிலுக்கு விடியுமுன் புறப்படுவதே புத்தி. தாகத்துக்கு நீர் அருந்துங்கள். ஆனால் வெறும் நீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, அதுவே ஆபத்தாகும்.

30 கிலோமீற்றரைத் தாண்டும்போது பலருக்குக் கால்கள் ஈயமாய்க் கனக்கும். இதைக் கோழைத்தனம் என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதே இதற்கு முக்கிய காரணம். ஆரம்பத்தில் அடக்கி ஓடுவதும், களைப்பு வருமுன்பே இனிப்பாக ஏதேனும் உட்கொள்வதும் இதற்குப் பரிகாரம்.

மனத்துக்கு என்ன செய்வது? ரெறி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் ஓடினார். ஓடும்போது முழுத் தூரத்தையும் நினைக்கவில்லை. அடுத்த மைல், அதோ தெரியும் பெயர்ப்பலகை, அந்த வளைவு என்று துண்டு துண்டாக வெட்டிக்கொண்டார். ஒன்ராறியோவில், அதே நோயால் காலிழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் சில மைல் தூரம் அவருக்குப் பின்னால் வந்தான். அவரை மிகவும் ஊக்கிய நாட்களில் அது ஒன்று. நீங்களும் யாருக்காக ஓடுகிறீர்களோ அவர்களை ஒருமுறை நேரிலே போய்ப் பார்த்து வாருங்கள். உண்டியல் கணக்கைவிட அந்த முகங்களே பின்னர் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஒன்றை மட்டும் அவரிடம் கற்கக் கூடாது. வழியிலே வைத்தியரைக் காணும்படி பிறர் சொன்னதை அவர் தட்டிக்கழித்தார். மார்பு நோ, தலைச்சுற்று, நடையையே மாற்றும் மூட்டு வலி - இவை பொறுத்துக்கொள்ளும் நோக்கள் அல்ல. நின்றுவிடுங்கள்.

"வாக்களித்துப் பணம் சேர்த்தபின் இடையில் நின்றால் சனம் என்ன சொல்லும்?" என்று நீங்கள் கேட்கலாம். 1980 ஏப்ரில் 12இல் தொடங்கிய ரெறியின் ஓட்டம், நோய் நுரையீரலுக்குப் பரவியதால், 143ஆவது நாளாகிய செப்டெம்பர் 1இல் தண்டர் பே நகரருகே நின்றது. அவர் கடந்தது 5,373 கிலோமீற்றர்; மேற்குக் கரையோ இன்னும் வெகு தொலைவில் இருந்தது. ஆனால் பணம் வருவது நிற்கவில்லை. 1981 பெப்ரவரியில் நிதி 2 கோடி 40 இலட்சம் டொலரைத் தாண்டியது. கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் என்று அவர் கேட்டிருந்த தொகை அதுவே. அப்போது அவர் உயிரோடு இருந்தார்.