சொந்தச் சபையார் மனுவோடு வரும்போது

கோட்டாட்சியராகவோ மாவட்ட ஆட்சியராகவோ புதிதாகப் பொறுப்பேற்கும் கிறிஸ்தவ இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது, இத்தனை வேலைக்கு நடுவில் ஜெபிக்க நேரம் எப்படிக் கிடைக்கும் என்றுதான். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் விசுவாசத்துக்கு வரும் முதல் சோதனை உங்கள் சபையிலிருந்தே வரலாம். அதற்கு முதலில் ஆயத்தமாகுங்கள்.

பொறுப்பேற்ற சில வாரங்களில் போதகர் ஒருவர் சால்வையோடு முகாம் அலுவலகத்துக்கு வருவார். மனதார ஜெபிப்பார். எழுந்து புறப்படும்போது உறையிலிருந்து ஒரு மனுவை எடுப்பார். ஆலயம் கட்ட அனுமதியாக இருக்கும், இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்துக்கு நிலமாக இருக்கும். கர்த்தர் உங்களை இந்த இடத்தில் வைத்ததே இதற்காகத்தான் என்று எஸ்தரை நினைவுபடுத்துவார். எஸ்தர் ராஜா முன் போய் நின்றது, அழிவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு ஜனத்தின் உயிருக்காக. வரிசையில் இருக்கும் ஒரு கோப்பை முன்னே தள்ள அந்த வரலாறு துணை வராது.

மனுவை அங்கே வாங்காதீர்கள். "ஐயா, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், பதிவு எண் கிடைக்கும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த எண் அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. பிறகு வட்டாட்சியர் அறிக்கை, காவல்துறை கருத்து என்று எல்லார் மனுவும் போகும் வழியிலேயே அதுவும் போகட்டும். நீங்கள் அங்கத்தினராக இருக்கும் சபையின் தகராறே மேசைக்கு வந்தால், மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வேறு அலுவலரை விசாரிக்கச் சொல்லுங்கள். இந்தக் காரணத்துக்காகவே சேகரக் கமிட்டி, திருமண்டலத் தேர்தல் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

இதற்கு நேரெதிரான ஒரு தவறும் உண்டு. நடுநிலையானவர் என்று பேர் வாங்குவதற்காகவே கிறிஸ்தவர்களின் மனுக்களில் கூடுதலாகக் குறை தேடுவது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் நியாயம் விசாரிப்பவருக்குப் பெரியவன் பக்கமும் சாயாதே, எளியவன் பக்கமும் சாயாதே என்கிறது. உங்கள் நற்பெயரும் ஒரு கட்சிக்காரர்தான். அதன் பக்கமும் சாயக்கூடாது.

மனம் மிகவும் நோகும் இடம் சாதிச் சான்றிதழ். ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துத் தாய் ஒருவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டு நிற்பார். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கே பெரிதும் உரியதாக இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் அதற்கு வெளியேதான். சேரியில் அவர் படுவது மாறவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆணையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு, நீங்கள் பொய்யாக ஒப்பமிட முடியாது. உங்களால் முடிந்தது வேறு. அவரை உட்காரவைத்து விஷயத்தை விளக்குங்கள். தமிழ்நாட்டில் அவருக்கு உரிய பிற்படுத்தப்பட்டோர் சான்று தாமதமின்றிக் கைக்குக் கிடைக்கிறதா, அந்தப் பிரிவுக்கான உதவித்தொகைக்கு அந்தப் பெண் விண்ணப்பித்தாளா என்று வட்டாட்சியரிடம் நீங்களே கேளுங்கள். அவரை இன்னொரு திங்கட்கிழமை அலையவிடாதீர்கள்.

கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போகலாமா என்றும் பலர் தயங்குகிறார்கள். கட்டாயம் போக வேண்டும். குடிநீர், கழிப்பறை, தடுப்புக்கட்டை, ஆம்புலன்ஸ் எல்லாம் உங்கள் பொறுப்பு, அந்தக் கூட்டம் உங்கள் மக்கள். ரிம்மோன் கோயிலுக்குள் ராஜாவோடு போகவேண்டிய நாகமானை எலிசா சமாதானத்தோடே அனுப்பினார். ஏதாவது ஒரு சடங்கு உங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாதென்றால், கோயில் செயல் அலுவலரிடம் முன்னதாகவே தனியாகச் சொல்லிவிடுங்கள். பரிவட்டத்தோடு அர்ச்சகர் எதிரில் வந்து நிற்கும்போது கையை இழுத்துக்கொள்வது அவரையும் அவமதிக்கும், ஊரையும் புண்படுத்தும்.

டிசம்பரில் கேக் பெட்டிகள் வரும். ஒப்பந்ததாரர் உங்கள் சபைக்காரராகவே இருந்தாலும் அவர் உங்கள் அலுவலகத்தோடு தொழில் உறவுள்ளவர். 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் அன்பளிப்பைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. நெகேமியா தனக்கு உரிமையுள்ள ஆளுநர் படியைக்கூட 12 ஆண்டுகள் வாங்கவில்லை, ஜனங்கள் பாரம் சுமந்தார்கள் என்பதற்காக.

இனி ஜெபம். கைப்பேசியைத் தொடுவதற்கு முன், விடியற்காலையில், வீட்டில். தானியேல் ஜன்னலைத் திறந்தது தன் வீட்டு மேலறையில்தான், அரசவையில் அல்ல. அலுவலகத்தில் ஊழியர்களைக் கூட்டி ஜெபிக்க வேண்டாம். ஆட்சியர் கூப்பிட்டால் ஓர் இளநிலை உதவியாளரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நெகேமியாவைப் போல, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையில் மனதுக்குள் ஜெபிக்கப் பழகுங்கள். குறைதீர்க்கும் நாளில் அடுத்த மனுதாரர் நடந்து வரும் அந்த நேரம் போதும். ஞாயிறு முதல் ஆராதனைக்குப் போங்கள், நடுவரிசையில் உட்காருங்கள். புயல் வந்தால் அன்றைய ஆராதனை நிவாரண முகாமில்தான், அதில் குற்றவுணர்வே வேண்டாம்.

கடைசியாக, துறைக்கு வெளியே, உங்களால் எந்தக் காரியமும் ஆகவேண்டியிராத ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அவர் உங்களிடம் கேட்கட்டும்: எந்தக் கீழ்நிலை ஊழியரை எல்லார் முன்னாலும் திட்டினாய்? எந்தக் கோப்பைப் பயந்து தள்ளிவைத்தாய்? பிள்ளைகளோடு எப்போது சாப்பிட்டாய்? இடமாற்றம் வந்தாலும் அவரை விட்டுவிடாதீர்கள், புது ஊரிலிருந்து தொலைபேசியிலாவது பேசுங்கள்.