மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டு சீலிங்



தோட்டத்து லயன் வீட்டில் பாட்டி குளித்த தண்ணீர் வாழை மரத்துக்குப் போனது. இன்று புக்கிட் பெருந்துங்கில் நம்மில் பலருக்கு அடுக்குமாடி வாழ்க்கை. நம் பாத்ரூமில் கசிவது கீழ் வீட்டுக்காரர் தலைக்கு மேல் இறங்குகிறது. சீலிங்கில் கறை படியும், சாயம் உரியும். பிறகு படிக்கட்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "எங்க வீட்டுல ஒண்ணும் ஒழுகலையே" என்று சொல்லுமுன் சோதித்துப் பார்ப்போம். அதுவே இந்த மாதப் பாடம்.

1. மீட்டர்: தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் எல்லாப் பைப்புகளையும் மூடுங்கள். வாஷிங் மெஷின் ஓடக்கூடாது. மீட்டர் எண்ணைச் சிவப்பு எண்களோடு எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எண் ஏறியிருந்தால், எங்கோ நல்ல தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

2. கழிப்பறைத் தொட்டி: பிளஷ் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிக் கலர் போடுங்கள். இருபது நிமிடம் யாரும் பிளஷ் பண்ண வேண்டாம். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால், தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. அதை மாற்றினால் போதும்.

3. தரை: மீட்டர் ஏறவில்லை, ஆனாலும் கீழே சொட்டுகிறதா? அப்படியானால் கழிவுக் குழாயிலோ தரையிலோதான் கோளாறு. கீழ் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, முதல் நாள் தரையை நனைக்காமல் தரைத் துவாரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே சொட்டினால் குழாய் இணைப்பைச் சந்தேகப்படலாம். சொட்டாவிட்டால், மறுநாள் துவாரத்தைத் துணியால் அடைத்துத் தரையில் ஒரு விரல் உயரம் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது சொட்டினால், டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது.

சரிசெய்வது எப்படி? சொட்டும் பைப்புக்கு முதலில் மெயின் வால்வை மூடுங்கள், பிறகு வாஷரை மாற்றுங்கள். மரை இணைப்பு கசிந்தால், பழைய டேப்பை உரித்துவிட்டு வெள்ளை டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்கிச் சுற்றுங்கள். டைல்ஸ் இடுக்கில் பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. அது கொத்தனார் வேலை, நாம் கை வைக்க வேண்டாம்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, சீலிங்கில் கசிவு வந்தால், வேறு ஆதாரம் இல்லாதவரை குறை மேல் வீட்டில்தான் என்று கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாளில் கட்டட நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் வருமுன் நாமே கீழே போய்க் கதவைத் தட்டி, "அண்ணே, நாங்க பார்க்கிறோம்" என்று சொல்வது அழகு. குழாயைச் சரிசெய்ய அவர் வீட்டு சீலிங்கைத்தான் திறக்க வேண்டியிருக்கும். அவர் மனசு வைக்காமல் வேலை நடக்காது.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டுத் தண்ணீர் நின்றபோது, ஒரு வாளித் தண்ணீரின் அருமை நமக்குப் புரிந்தது. மணிக்கு ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லி சொட்டினால், ஆண்டுக்கு 1,750 லிட்டர் வீணாகிறது. வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாகவே வான்சிறப்பை வைத்தார். தண்ணீரைக் காப்பதும் வழிபாடுதான்.

பயிற்சி: இந்த வாரம் உங்கள் வீட்டு மீட்டரைச் சோதித்து, முடிவை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள். தனியாக இருக்கும் தாத்தா, பாட்டி வீடு ஒன்றிலும் சோதித்துக் கொடுங்கள்.