உயில் பணத்தில் ஓடும் படகுகள்

கேள்வி: ஆபத்தில் மக்களைக் காப்பது அரசின் கடமை. அதைத் தொண்டு நிறுவனத்திடம் விட்டால் சரிப்படுமா?

பதில்: பிரிட்டனில் 200 ஆண்டுகளாகச் சரிப்பட்டு வருகிறதே! அங்கே கடலில் யாராவது தத்தளித்தால் தகவல் போவது அரசின் கடலோரக் காவல் அமைப்புக்கு. அது கூப்பிடுவதோ 'ஆர்.என்.எல்.ஐ.' என்ற தொண்டு நிறுவனத்தை. பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் அதற்கு 230-க்கும் மேற்பட்ட உயிர்காப்புப் படகு நிலையங்கள் இருக்கின்றன. படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். பேஜர் அலறினால் கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடுவார்கள். (உலகம் மறந்த பேஜருக்கு அங்கே இன்னும் மவுசு!)

1824-இல் சர் வில்லியம் ஹிலாரியின் முயற்சியால் பிறந்த அமைப்பு இது. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. 1886 டிசம்பரில் 'மெக்ஸிகோ' என்ற கப்பலின் மாலுமிகளை மீட்கப் போன 27 படகுக்காரர்கள் ஒரே இரவில் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக, 1891-இல் மான்செஸ்டர் தெருக்களில் உண்டியல் குலுக்கினார்கள். இன்றைக்கோ பெரிய வரவு உயில்களில் இருந்து வருகிறது. சாகும்போது படகுக்கு ஒரு பங்கு எழுதிவைப்பவர்கள் அங்கே ஏராளம்.

எல்லாத் துறைக்கும் இது பொருந்துமா? சந்தேகம்தான். புயலில் பாயும் படகுக்குக் கிடைக்கும் நன்கொடை, சாக்கடை அடைப்பு எடுக்கக் கிடைக்காது.

கடலிலேயே கூட, மீட்பு ஹெலிகாப்டர்கள் பறப்பது அரசுச் செலவில்தான்.