இடி இறங்கும் முன் முகட்டைத் தாண்டுங்கள்

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் மவுண்டன் பைக் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆகஸ்டில் மோனார்க் கிரெஸ்ட் பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். மேலே கொண்டுபோய் விட வேன் இருக்கிறது, பெரும்பகுதி இறக்கம்தான் என்கிறார்கள். வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: வண்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் நேரத்தைப் பேசிவிடலாம். கொலராடோ மலைகளில் ஜூலையும் ஆகஸ்டும் இடிமழைக் காலம். காலையில் துடைத்துவிட்டது போலிருக்கும் வானத்தில் பதினொரு மணிக்குப் பஞ்சுமேகம் தலைகாட்டும். மதியம் தாண்டினால் அதுவே கறுத்து இடிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் ஏறப்போகும் மோனார்க் கணவாய் 3,448 மீட்டர் உயரம். அங்கிருந்து மார்ஷல் கணவாய் வரை சுமார் 17 கிலோமீட்டர், பாதை கண்டத்தின் நீர்ப்பிரி முகட்டை ஒட்டியே போகிறது. பல இடங்களில் மரமே கிடையாது. அந்த வெட்டவெளியில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான். அதனால் மலையடிவார ஊரான பான்ச்சா ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பும் முதல் வேனிலேயே இடம்பிடியுங்கள். எட்டரை மணிக்குள் சக்கரம் உருள வேண்டும்.

இறக்கம்தானே என்று நண்பர்கள் சொல்வது பாதிதான் உண்மை. தொடக்கத்திலேயே 3,600 மீட்டரைத் தாண்டி ஏற வேண்டும். கடல்மட்டத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. டென்வர்வாசி என்பது ஓரளவு உதவும், ஆனால் முதல் நாள் இரவே பக்கத்து ஊரான சலைடாவில் வந்து தங்குவது நல்லது. கூட்டத்தில் யாருக்காவது தலைவலியோடு குமட்டலும் வந்தால் அவரை மேற்கொண்டு ஏறவிடாதீர்கள். இறங்குவதுதான் மருந்து.

மார்ஷல் கணவாயில் கண்டிப்பாக நின்று முடிவெடுங்கள். 1881-இல் குறுகிய அகல இருப்புப்பாதை தாண்டிய இடம் அது. 1955-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், ரயில் போன தடம் இன்று மண்சாலை. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சரிவு மெதுவாக இருக்கும், சோர்ந்தவர்கூடப் பத்திரமாக 285-ஆம் நெடுஞ்சாலைக்கு இறங்கிவிடலாம். வானம் கறுத்திருந்தாலும் சரி, ஒருவருடைய கால் தளர்ந்திருந்தாலும் சரி, எல்லோரும் இந்தச் சாலையில் இறங்கிவிடுங்கள். இதைத் தாண்டி, அடுத்து வரும் சில்வர் கிரீக் இறக்கப் பாதையில் நுழைந்துவிட்டால் இவ்வளவு சுலபமான வழி வேறு கிடைக்காது. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முகட்டைவிட்டுக் கீழே அடர்ந்த காட்டுக்குள் போய், ஒற்றை மரத்தடியைத் தவிர்த்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நில்லுங்கள்.

இனி வண்டி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பிரேக் பேடை மட்டும் பாருங்கள். சில்வர் கிரீக் இறக்கம் நீளமானது, உருளைக்கல் நிறைந்தது. பயத்தில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் கொதித்து, லீவர் கைப்பிடி வரை அமுங்கத் தொடங்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடியுங்கள், வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். விடும் அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். டயர் காற்றை டென்வரில் அளந்து அப்படியே ஓட்டாதீர்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அதே டயர் 2 பி.எஸ்.ஐ.-க்கும் மேல் கூடுதல் இறுக்கமாகிவிடும். காலைக் குளிரில் இது தெரியாது, வெயில் ஏறியதும் முன்சக்கரம் கல்லில் துள்ளும். கணவாயில் வேனைவிட்டு இறங்கியதும் ஒரு முறை, வெயில் ஏறியதும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

முகட்டில் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு 3 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். கீழே ஓடையில் பிடித்தால் வடிகட்டிக் குடியுங்கள். உயரத்தில் பசி மரத்துப்போகும், அதனால் பசிக்காகக் காத்திராமல் முக்கால் மணிக்கொரு முறை கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இது எதற்கென்று கடைசியில் வரும் ரெயின்போ பாதையில் தெரியும். பெரிய இறக்கம் முடிந்த நிம்மதியில் இருக்கும்போது குட்டிக் குட்டி ஏற்றங்களாக அது வந்துகொண்டே இருக்கும். பலர் வண்டியைத் தள்ளுவது அங்கேதான். பையில் மழைக்கோட்டும் முழுவிரல் கையுறையும் இல்லாதவரைக் கூட்டிப்போகாதீர்கள். நனைந்த உடம்போடு அந்தக் குளிர்காற்றில் இறங்குவது, ஆகஸ்டிலும் ஆபத்துதான்.

கேள்வி: வழியில் நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் இருப்பார்களாமே, யார் ஒதுங்க வேண்டும்?

பதில்: நீங்கள்தான், இரண்டு பேருக்கும். எதிரே ஏறி வரும் சைக்கிளுக்கும் இறங்குகிறவரே வழிவிட வேண்டும். குதிரை வந்தால் வண்டியைவிட்டு இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் நின்று, சவாரி செய்பவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. ஒதுங்கும்போது காலைப் பாறைமேல் வையுங்கள். அந்த உயரத்தில் விரற்கடை உயரச் செடி வளரவே பல ஆண்டுகள் ஆகும், ஒரு சக்கரத்தடம் போதும் அதை அழிக்க.